காணாமற்போன 288: ஒரு பி.ரி. ஸ்லாப்பைக் கொப்பியில் போட்டுப் பார்த்தது

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் கணக்குப் போட்ட ஒரு கொங்கிறீட் ஸ்லாப்பில் கடைசி டக்ட்டின் (கேபிள் ஓடும் குழாய்) கேபிளையும் இழுத்து முடித்தார்கள். நீட்சி அளவுகள் கைக்கு வந்து மனம் ஆறின பிறகுதான் இதை எழுத உட்காருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எழுதியிருந்தால் பழியை எல்லாம் மென்பொருளின் தலையில் கட்டியிருப்பேன். பிழை விட்டது நான்.

இடம் கொழும்பு. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் பெரிய டவர் ஒன்று எழும்புகிறது. அதற்குப் பக்கத்தில் கடைகளுக்கென்று தனியான ஒரு கட்டடம். லிப்ட், படிக்கட்டு எல்லாம் டவருக்குள்ளேயே இருக்கின்றன, இடையில் ஒரு மூவ்மென்ட் ஜொயின்ட் (இரண்டும் தனித்தனியே அசைய விட்ட இடைவெளி). அதனால் எங்களுக்குக் கிடைத்தது ஓட்டை ஒடிசல் இல்லாத நீள்சதுர ஸ்லாப்: 42 மீற்றருக்கு 33.6 மீற்றர், இரண்டு பக்கமும் 8.4 மீற்றருக்கு ஒரு தூண், மொத்தம் 30 தூண்கள். தூண் 600க்கு 600. ஸ்லாப் 240 மில்லிமீற்றர், பீம் இல்லை, போஸ்ட் டென்ஷன், அதாவது கொங்கிறீட் இறுகிய பிறகு உள்ளே ஓடும் எஃகுக் கேபிள்களை இழுத்துப் பூட்டுவது. பி.ரி. என்றுதான் எல்லாரும் சொல்வோம். இப்படி ஒரு வரைபடம் வந்தால் கையால் சரிபார்க்க இதைவிட வசதியான கட்டடம் கிடைக்காது என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது வேறு: இவ்வளவு லேசான கட்டடத்துக்குக் கைக்கணக்கு எதற்கு?

எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திரும்பத் திரும்ப வரும். சுயபாரம் 6.0 கிலோபஸ்கல் (சதுர மீற்றருக்கு இத்தனை கிலோநியூற்றன்). டைல்ஸ், சீலிங், தடுப்புச் சுவர் எல்லாம் சேர்த்து 2.5. கடை என்பதால் பாவனைச் சுமை 4.0. கொங்கிறீட் 40 தரம். எங்கள் அலுவலகத்தில் இன்னும் பிரித்தானியக் கொங்கிறீட் விதிக்கோவையான பி.எஸ். 8110தான். 2010இல் பிரித்தானியாவிலேயே மீளப் பெற்றுவிட்டார்கள், நாங்களும் ஐரோப்பிய விதிக்கோவையான யூரோகோட்டுக்கு மாறுவதாக ஒவ்வொரு ஜனவரியும் பேசிக்கொள்கிறோம். ஆக அல்ட்டிமேற் சுமை, அதாவது உடைவு நிலையைச் சோதிக்கப் பெருக்கிய சுமை, 1.4 × 8.5 + 1.6 × 4.0 = 18.3 கிலோபஸ்கல். 8.4 மீற்றர் அகலப் பட்டைக்கு ஒரு மீற்றருக்கு 153.7 கிலோநியூற்றன்.

கேபிள் வழமையான 12.7 மில்லிமீற்றர் ஸ்ட்ராண்ட் (கம்பிகளை முறுக்கிய எஃகு வடம்). பரப்பு 98.7 சதுர மில்லிமீற்றர், அறும் விசை 183.7 கிலோநியூற்றன். ஜாக்கால் இழுப்பது அதில் 80 வீதம், அதாவது 147. உராய்வு, முனையில் ஸ்ட்ராண்ட்டைப் பிடிக்கும் ஆப்பு சறுக்குவது, கொங்கிறீட் சுருங்குவது எல்லாம் போக நீண்டகாலத்தில் 110 மிஞ்சும் என்று பிடித்தேன். மென்பொருளின் சராசரி 112, சரி. ஒவ்வொரு 8.4 மீற்றர் பட்டைக்கும் 5 ஸ்ட்ராண்ட் கொண்ட தட்டை டக்ட் 4. மொத்தம் 20 ஸ்ட்ராண்ட், 2,200 கிலோநியூற்றன்.

சந்தேகம் எப்படி வந்தது என்றால், எனக்கு வரவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் புதன்கிழமைகளில் மட்டும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்து வரைபடங்களைப் பார்ப்பார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். ஸ்லாப்பின் மேற்கம்பி வரைபடத்தை விரித்து வைத்து விரலால் தூண் தூணாகத் தட்டிக்கொண்டு போனார். நடுவில் இருக்கிற ஒவ்வொரு தூணிலும் ஒரே எழுத்து: 8 ரி16, அதாவது 16 மில்லிமீற்றர் கம்பி எட்டு. ஓரத்துக்கு அடுத்த வரிசையில் மட்டும் கொஞ்சம் கூட.

"தம்பி, இதென்ன எல்லாத் தூணுக்கும் ஒரே சாப்பாடு?"

"மினிமம்தான் சேர். மென்பொருள் அதுக்கு மேலை கேக்கேல்லை."

"அது கேக்காட்டில் நீர் கேளும். ஒரு பனலைக் கையாலை போட்டுப் பாரும்."

வரைபடம் அடுத்த திங்கள் வெளியே போக வேண்டும். கம்பி அட்டவணை ஏற்கனவே போய்விட்டது. பனல் என்பது நாலு தூணுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம். சரி, ஒரு பின்னேர வேலை என்று நினைத்து, மேசையில் கிடந்த சி.ஆர். கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் மிக லேசானது, தூண்களில் இறங்கும் விசைகளின் கூட்டுத்தொகை. 42 × 33.6 × 6.0 என்று போட்டால் 8,467 வந்தது. மென்பொருள் 8,742 என்றது. 3 வீதம் வித்தியாசம், எனக்கு உடனே தலை சூடாகிவிட்டது. பத்து நிமிடம் கொங்கிறீட்டின் அடர்த்தியைத் தேடினேன். பிறகுதான் பார்த்தேன், 42 மீற்றர் என்பது தூண் மையத்துக்கு மையம். ஸ்லாப் ஓரத்தூணின் வெளிமுகம் வரை போகிறது. 42.6 × 34.2 × 6.0 = 8,742. எண்ணுக்கு எண் சரி.

அடுத்தது, கேபிள் விசையை மட்டும் தனியாக வைத்துத் தூண்களில் வரும் தாக்கத்தைக் கூட்டுவது. இது பூச்சியம் வர வேண்டும். கேபிள் ஸ்லாப்பை ஒரு இடத்தில் தூக்கினால் இன்னொரு இடத்தில் அதே அளவு அமுக்கும். வெளியிலிருந்து புதிதாகப் பாரம் எதையும் கொண்டுவராது. 30 தூணையும் கூட்டினால் 0.4 வந்தது. சந்தோஷம். இந்த இரண்டு சோதனையும் சேர்த்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. மென்பொருளில் கட்டிய மாதிரியின் உருவத்தில் பிழை இல்லை என்று தெரிந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் அடுத்த கிழமை வரைபடமும் போயிருக்கும்.

மூன்றாவது, கேபிள் எவ்வளவு பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது. இங்கே ஒரு இரவு முழுக்கப் போனது.

இரண்டு திசையில் நெருக்கலான திசையை எடுத்தேன். தூணுக்கு மேலே மற்றத் திசைக் கேபிள் முதலில் போகும், இது அதற்குக் கீழே நுழைய வேண்டும். அதனால் தூணில் கேபிளின் மையம் மேல்முகத்திலிருந்து 60 மில்லிமீற்றர் கீழே. நடுவில் அடிமுகத்திலிருந்து 45 மேலே. 240இல் இரண்டையும் கழித்தால் தொய்வு 135 மில்லிமீற்றர். விசையைத் தொய்வால் பெருக்கினால் 2,200 × 0.135 = 297. இந்த 297ஐக் கொப்பியின் ஓரத்தில் வட்டம் போட்டு வைத்தேன். ஏன் வட்டம் போட்டேன் என்று தெரியாது, நல்ல காலம் போட்டேன். அதை 8ஆல் பெருக்கி 8.4இன் வர்க்கத்தால் வகுத்தால் மீற்றருக்கு 33.7 கிலோநியூற்றன், அதாவது சதுர மீற்றருக்கு 4.0 கிலோபஸ்கல் மேல்நோக்கி. சுயபாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நியாயமான எண்.

மென்பொருள் காட்டிய படத்தில் நடுப்பகுதியில் 5.0 என்று இருந்தது. கால்பங்கு கூட! ஸ்ட்ராண்ட் எண்ணிக்கையைப் பார்த்தேன், 20. விசையைப் பார்த்தேன், சரி. உயரங்களைப் பார்த்தேன், சரி. மென்பொருள்காரருக்கு ஒரு மின்னஞ்சல்கூட அரைவாசி எழுதினேன். பக்கத்து வீட்டில் ரிவியை நிறுத்திப் படுக்கப் போய்விட்டார்கள். நான் இன்னும் 4க்கும் 5க்கும் இடையில்.

விடை படத்தின் ஓரத்தில் இருந்தது. தூணுக்கு இரண்டு பக்கமும் 0.84 மீற்றருக்குக் கீழ்நோக்கி 20 கிலோபஸ்கல் காட்டியது. நான் போட்டது பள்ளிக்கூடப் பரவளைவு, தூணில் கூராக முடிகிறது. உண்மையில் கேபிளைத் தூணுக்கு மேலே கூராக மடக்க முடியாது. வளைந்து ஏறி வளைந்து இறங்கும். அந்தத் திரும்பு வளைவு நீளத்தின் 10 வீதத்தில் தொடங்குவதாக மாதிரியில் நானே கொடுத்திருந்தேன். அப்போது தூக்கும் பகுதி 6.72 மீற்றர்தான். 5.01 × 6.72 = 33.7. என்னுடைய 4.01 × 8.4 = 33.7. மொத்தத் தூக்கு ஒன்றே, பரவியிருக்கும் இடம்தான் வேறு. மின்னஞ்சலை அழித்தேன். மணி பன்னிரண்டே கால்.

இந்தக் கட்டத்தில் ஒரு பக்கப் பலன் கிடைத்தது, அதைச் சொல்லாமல் போனால் பாவம். கேபிள் உயரத்தைத் தேடிப் போனபோது செயார் அட்டவணையையும் எடுத்துப் பார்த்தேன். டக்ட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பிக்கால்களைத்தான் செயார் என்கிறோம். அவற்றின் உயரம் டக்ட்டின் அடிவரை எழுதப்படும். எங்கள் பெடியன் எல்லா இடத்திலும் மைய உயரத்திலிருந்து 10ஐக் கழித்திருந்தான், டக்ட்டின் உயரம் 20, பாதி 10 என்று. ஆனால் இழுத்த பிறகு ஸ்ட்ராண்ட் டக்ட்டின் நடுவில் நிற்காது. நடுப்பகுதியில் நேராக முயன்று டக்ட்டின் மேல்முகத்தில் போய் ஒட்டும். தூணுக்கு மேலே டக்ட்டின் அடியில் படுக்கும். ஆகவே நடுவில் 45 என்றால் டக்ட்டின் அடி 31, தூணில் 180 என்றால் 174. அட்டவணையில் இருந்தது 35உம் 170உம். இரண்டு பக்கமும் 4, மொத்தம் 8 மில்லிமீற்றர் தொய்வு போய்விடும். 135இல் கிட்டத்தட்ட 6 வீதம். திருத்தினோம். செலவு ஒரு தாள்.

அடுத்த நாள் மொமென்ற், அதாவது ஸ்லாப்பை வளைக்கும் தாக்கம். எந்த மென்பொருளும் ஏமாற்ற முடியாத ஒரு கணக்கு உண்டென்றால் அது இதுதான்: ஒரு பனலின் தூண் மொமென்ற்றையும் நடு மொமென்ற்றையும் கூட்டினால், சுமை × நீளத்தின் வர்க்கம் ÷ 8 வந்தே ஆகவேண்டும். தூண் எவ்வளவு, நடு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் ஆயிரம் வாதம் வரலாம், கூட்டுத்தொகையில் வராது. 153.7 × 8.4 × 8.4 ÷ 8 = 1,356. அலகு கிலோநியூற்றன் மீற்றர், இனி எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

மென்பொருளின் அட்டவணையில் நடுப் பனலின் முழு 8.4 மீற்றர் அகலத்துக்கும் தூணில் 551, நடுவில் 330. கூட்டினால் 881.

1,356க்கு 881. இடைவெளி 475. கதிரையில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தேன்.

முதல் தவறு எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. 551 என்பது தூணின் முகத்தில் உள்ள மொமென்ற், மையத்தில் அல்ல. முகத்துக்கு முகம் நீளம் 7.8 மீற்றர். 153.7 × 7.8 × 7.8 ÷ 8 = 1,169. சரி, இப்போது இடைவெளி 288. ஆனால் 288உம் சின்ன எண் இல்லை, நாலில் ஒன்று காணவில்லை.

ஏதோ ஒரு சுமையை மாதிரியில் போட மறந்திருக்கிறேன் என்று முடிவு கட்டினேன். 288ஐப் பின்னோக்கிப் போட்டால் 4.5 கிலோபஸ்கல் வருகிறது. எங்கே அந்த 4.5? டைல்ஸும் சுவரும் 1.4 × 2.5 = 3.5. இல்லை. பாவனைச் சுமை 1.6 × 4 = 6.4. இல்லை. சீலிங்கை மட்டும் விட்டேனா, சுவரை இரண்டு தரம் கழித்தேனா என்று ஒரு மணித்தியாலம் சுமைப் பட்டியலைக் கிண்டினேன். கேபிளின் 4.0 நினைவுக்கு வந்தது, ஆனால் 4.5க்கும் 4.0க்கும் பொருந்தவில்லை என்று நானே தள்ளிவிட்டேன். பிறகு யோசித்தால், பொருந்தாமல் போனதற்குக் காரணம் முதல்நாள் இரவு கற்ற அதே திரும்பு வளைவுதான். கேபிளின் தூக்கு சீராகப் பரவியதில்லை, அதைச் சீரான சுமையாகத் திருப்பிப் போட்டால் எண் மாறித்தான் வரும்.

பக்கத்தைப் புரட்டியபோது ஓரத்தில் வட்டம் போட்ட 297.

297க்கும் 288க்கும் 9 வித்தியாசம். தூணின் மையத்திலிருந்து முகம் வரை 0.3 மீற்றர், அந்தத் தூரத்தில் கேபிள் 3.4 மில்லிமீற்றர் இறங்கியிருக்கும். 2,200 × 0.0034 = 7.5. 297இலிருந்து கழித்தால் 289.5. மென்பொருளில் காணாமற்போனது 288.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. லப்டொப்பைத் திறந்து சுமைச் சேர்க்கைகளின் பட்டியலைப் பார்த்தேன். சேவை நிலைக்கான (அன்றாடப் பாவனையில் வரும், பெருக்காத சுமைக்கான) சேர்க்கைகளை முதலில் செய்து, அவற்றையே பிரதியெடுத்து, 1.0 இருந்த இடத்தில் 1.4உம் 1.6உம் மாற்றி அல்ட்டிமேற் சேர்க்கை என்று பெயர் வைத்திருந்தேன். கேபிளின் வரியை அப்படியே விட்டுவிட்டேன். சேவை நிலையில் கேபிளின் முழுத் தாக்கமும் வரவேண்டும், அது சரி. அல்ட்டிமேற்றில் அப்படி இல்லை. அங்கே கேபிள் கம்பியைப் போலப் பலத்தின் பக்கத்தில் நிற்கிறது. சுமையின் பக்கத்தில் செகண்டரி மொமென்ற் மட்டும்தான் வரவேண்டும், அதாவது ஸ்லாப் கேபிளோடு வளைய விடாமல் தூண்கள் பிடித்து வைப்பதால் பிறக்கும் பகுதி. மென்பொருளில் அதற்கென்று தனிப் பெயரில் ஒரு வரி இருந்தது. நான் அதற்கு மேலே இருந்த வரியைத் தெரிவுசெய்திருந்தேன். இரண்டுக்கும் பெயரில் கடைசிச் சொல்தான் வித்தியாசம்.

புதன்கிழமை சேரிடம் கொப்பியைக் காட்டினேன். இரண்டு பக்கமும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே காசைக் குடுத்து ரெண்டு கடையிலை சாமான் வாங்கியிருக்கிறீர்."

அவ்வளவுதான். கேபிளைக் காட்டி மொமென்ற்றைக் குறைத்தேன். குறைந்த மொமென்ற்றைத் தாங்க மறுபடியும் அதே கேபிளைக் காட்டினேன்.

சேர்க்கையைத் திருத்தி ஓட்டினேன். நடுப் பனலில் தூண் முகத்தில் 675, நடுவில் 495. கூட்டினால் 1,170, கொப்பியில் 1,169. செகண்டரி மொமென்ற்றைக் கையால் போட்டபோது 46 வந்தது. அது தூணில் கொஞ்சம் குறைத்து அதே அளவை நடுவில் கூட்டும், கூட்டுத்தொகையைத் தொடாது. ஆகவே செகண்டரியைக் கணிக்கத் தெரியாதவர்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம். எனக்கு இது பிடித்துப்போன காரணமும் அதுதான்.

இனி பலம். 20 ஸ்ட்ராண்ட்டுக்கும் உடைவு நிலையில் 1,600 மெகாபஸ்கல் என்று கொஞ்சம் அடக்கிப் பிடித்தேன் (ஸ்ட்ராண்ட்டின் அறும் தகைப்பு 1,860). இழுவிசை 3,158 கிலோநியூற்றன், கொங்கிறீட் அமுக்கப்படும் ஆழம் 21 மில்லிமீற்றர், தூணில் கேபிள் மட்டும் தருவது 535. அதோடு 8 ரி16 சேர்த்தால் 656. பிழையான 551க்கு இது தாராளம், அதனால்தான் மென்பொருள் மினிமத்துக்கு மேலே கேட்கவில்லை. சரியான 675க்கு 19 குறை. 10 ரி16 போட்டால் 685, தப்பிவிடும்.

வெறும் 19தானா, இதற்கா இவ்வளவு அமளி என்று எனக்கும் தோன்றியது. நடுப் பனலில் மினிமம் கம்பி பிழையை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். ஓரத்துக்கு அடுத்த தூண் வரிசையில் மூட ஒன்றும் இல்லை. அங்கே மொமென்ற் ஏற்கனவே கூட, மினிமம் தாண்டித்தான் கம்பி கேட்டிருந்தது. ஆகவே தூண் முகத்தில் காணாமற்போன 124உம் முழுசாகக் கம்பியிலேயே குறைந்திருந்தது. ஒவ்வொரு தூணிலும் திசைக்கு 8 ரி16. ஓரப் பனல்களின் நடுவிலும் அடிக்கம்பி போதாது. ஸ்லாப் அடுத்த நாளே விழுந்திருக்காது. ஆனால் கடைக்காரர் ஒருவர் பண்டிகைக் காலத்துக்கு அரிசி மூட்டையைச் சீலிங் வரை அடுக்கும் நாளில் அந்த இடம் எங்கள் கையெழுத்தோடு நிற்கும்.

பஞ்சிங் ஷியர் (தூண் ஸ்லாப்பைத் துளைத்துக்கொண்டு வருவது) தனிக் கணக்கு. தூண் சுற்றி அதைத் தடுக்கும் எஃகு முளை வரிசை, ஸ்டட் ரெயில், போடவேண்டும் என்று முன்பே தெரியும், அதில் சேர்க்கைப் பிழை பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு தூணுக்கு மட்டும் கையால் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து 1.8 தொன். அன்றைய விலையில் நாலரை லட்சம் ரூபாய்க்குக் கிட்ட. கம்பி அட்டவணை ஏற்கனவே போயிருந்ததால் வளைக்கிற இடத்தில் 8 ரி16 கட்டுகள் தயாராகக் கிடந்தன. அவற்றை வீணாக்காமல் அப்படியே வைத்து, மேலதிகக் கம்பிகளைத் தனிக் குறியோடு அனுப்பினோம். தூணுக்கு மேலே நெருக்கம் கூடிவிட்டது. இரண்டு திசை டக்ட், இரண்டு திசைக் கம்பி, ஸ்டட் ரெயில். கொங்கிறீட் இறங்குமா என்று பார்க்க ஒரு தூணை மட்டும் முதலில் கட்டச் சொல்லி, வைபிரேற்றர் ஊசியைக் கையில் எடுத்து நானே நாலு பக்கமும் நுழைத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் போனது. நாலாவது பக்கத்தில் ஒரு கம்பியை 40 மில்லிமீற்றர் தள்ளினோம்.

ஸ்ட்ரெஸ்ஸிங், அதாவது கேபிள் இழுக்கும் நாள். கேபிளின் நீளம் 34 மீற்றர், ஒரு முனையில் மட்டும் ஜாக். உராய்வு போகச் சராசரி விசை 130 என்று எடுத்தால் நீட்சி 130,000 × 34,000 ÷ (98.7 × 195,000) = 230 மில்லிமீற்றர் (195,000 என்பது ஸ்ட்ராண்ட்டின் மீள்தன்மைக் குணகம்). எங்கள் குறிப்பீட்டில் 7 வீதம் கூடவோ குறையவோ வரலாம், ஆக 214 முதல் 246 வரை. தளர்வை எடுக்கச் சின்னதாக ஒரு இழுவை இழுத்து, ஸ்ட்ராண்ட்டில் மஞ்சள் ஸ்பிரே அடித்து, முழுதாக இழுத்த பிறகு அந்த மஞ்சள் கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று ரேப்பால் அளப்பார்கள். கடல் காற்றில் ஸ்பிரே பக்கத்து ஸ்ட்ராண்ட்டிலும் படும். இது சின்ன விஷயம் போலத் தெரியும், இல்லை. பெரும்பாலானவை 221க்கும் 238க்கும் இடையில் வந்தன. ஒன்று மட்டும் 199.

எல்லாரும் டக்ட்டுக்குள் சீமெந்துப் பால் போய் அடைத்துவிட்டது என்றார்கள். மறுபடி ஜாக்கை மாட்டி மெதுவாக ஏற்றி, ஆப்பு எந்த விசையில் கழலுகிறது என்று பார்த்தோம். பக்கத்து ஸ்ட்ராண்ட்டோடு ஒத்துப்போனது. அளந்தவர் பக்கத்தில் பட்ட மஞ்சள் கறையிலிருந்து அளந்திருக்கிறார். அடுத்த பனலில் இருந்து ஸ்பிரேயைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்கிங் ரேப் ஒட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியே போகவில்லை.

அடுத்த தடவை மாற்றப் போவது என்ன என்று கேட்டால், முதலாவது, சேவை நிலைச் சேர்க்கையைப் பிரதியெடுத்து அல்ட்டிமேற் செய்யும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது வெறும் பட்டியலில் தொடங்கி ஒவ்வொரு வரியையும் கையால் போடுகிறேன், பத்து நிமிடம் கூடப் போகிறது. ஒரு நடுப் பனலின் கூட்டுத்தொகையை மாதிரி ஓடிய அன்றைக்கே போடுவேன், கம்பி அட்டவணை போன பிறகு அல்ல. மொமென்ற்றை முகத்தில் எடுத்தேனா மையத்தில் எடுத்தேனா என்பதைக் கொப்பியின் தலைப்பிலேயே எழுதுவேன், அந்த ஒரு குழப்பம் எனக்கு அரை நாளைத் தின்றது. கைக்கணக்குக்குத் திரும்பு வளைவோடேயே தொடங்குவேன். பள்ளிக்கூடப் பரவளைவு அழகுதான், ஆனால் பன்னிரண்டே கால் வரை முழிக்க வைக்கும். எல்லாத் தூணிலும் மினிமம் என்று மென்பொருள் சொன்னால் அதைச் சந்தோஷச் செய்தியாக எடுக்க மாட்டேன். இவை எல்லாம் சேர்த்தால் இரண்டு பின்னேரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். சி.ஆர். கொப்பியில் 14 பக்கம் போயிற்று, அதில் 5 பக்கம் குறுக்கே கோடு போட்டவை. கோடு போட்டவற்றைக் கிழிக்கவில்லை.

நேற்று சேர் போனில் கேட்டார், "மற்றத் திசை பாத்தனீரோ?" பார்த்திருந்தேன். அங்கே கேபிள் தூணில் 20 மில்லிமீற்றர் மேலே இருப்பதால் நடுத் தூண்களில் 8 ரி16 போதும், ஓர வரிசையில் மட்டும் கூட்டினோம். "சரி" என்று வைத்துவிட்டார். நாளைக் காலை ஸ்ட்ராண்ட் முனைகளை வெட்டி, திங்கட்கிழமை கிறவுட், டக்ட்டுக்குள் சீமெந்துப் பால் ஏற்றுவது.